பின்னால் ஓடும் விரல்கள்

சேசு மரி சூசை

கோட்டாறு,
9-11-1952

அன்புள்ள செசிலிக்கு,

சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். நீயும் கிரேசியும் அந்தப் பீர்மேட்டுக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதமும் தேயிலைப் பொட்டலமும் வந்து சேர்ந்தன. தேயிலை நல்ல வாசனை. ஆனால் உன் பக்குவம் எனக்கு வரவில்லை. ஒரு நாள் கஷாயமாகிறது, மறுநாள் வெந்நீராகிறது. கிரேசிக்கு முன்பல் விழுந்ததாக எழுதியிருந்தாய். விழுந்த பல்லை என்ன செய்தாள் என்று எழுதவில்லையே. பல் இல்லாமல் அவள் சிரிப்பதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான் வருவதற்குள் புதுப் பல் முளைத்துவிடும்.

இங்கே நல்ல மழை. சுசீந்திரம் பக்கம் வயல் எது, குளம் எது என்று தெரியவில்லை. நம் அடுக்களையில் ஓடு நகர்ந்து ஒழுகியது. நானே ஏறிச் சரிசெய்தேன். நீ ஏசுவாய் என்று தெரியும். அதனால்தான் பத்திரமாக இறங்கிய பிறகு எழுதுகிறேன். உன் அம்மை மண்டைக்காட்டுப் புதூரிலிருந்து நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினாள். முட்டுவலி குறைந்திருக்கிறதாம். உனக்கு வறுத்த ஏத்தங்காய் உப்பேரியும் கருவாடும் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். கோட்டயம் வழியாக உன் பக்கம் வருகிற ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன்னை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தலைமை ஆசிரியையாகப் போடுகிறோம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருப்பதைப் படித்து, எதிர்வீட்டுக்காரர் வரை கூப்பிட்டுச் சொன்னேன். ஒத்துக்கொண்டால் வீடும் கொடுத்து ஐந்து வருஷம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள், வேண்டாமென்றால் நாகர்கோவில் பக்கம் மாற்றல் கேட்கலாம், பங்குனிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். 'நீங்கள் ஊரில் நிலையாக உட்காரப் போகிறீர்களா, மறுபடியும் நாடகக் கம்பெனியோடு கிளம்பப் போகிறீர்களா? வீடுகளில் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது உங்களுக்கு ஒத்துவருமா? உண்மையைச் சொல்லுங்கள். அதைப் பார்த்து நான் முடிவு செய்கிறேன்' என்று கேட்டிருக்கிறாய்.

ஒத்துவருகிறது என்றுதான் தோன்றுகிறது. எனக்கு இப்போது இரண்டு மாணாக்கர். ஒருவர் கம்பவுண்டர் சிலுவைதாசன். சாயங்காலம் மருந்து வாசனையோடு வந்து, ஹார்மோனியத்துக்கு ஊசி போடுவதுபோல ஒவ்வொரு கட்டையாகக் குத்துவார். மற்றவர் வடசேரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முத்துநாயகம் அண்ணாச்சியின் வீட்டுக்காரி பகவதியம்மாள். நாற்பது வயதிருக்கும். தை மாதத்தில் அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நலங்கில் அத்தைக்காரி பாட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் திருவனந்தபுரத்தில் சங்கீதம் படித்தவர்களாம். அவர்களுக்கு முன்னால் சும்மா பாடிவிட முடியாது என்று அந்த அம்மாளுக்கு ஒரு வைராக்கியம். சின்ன வயதிலிருந்தே பாட ஆசைப்பட்டு, வீட்டில் விடாமல், இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார்.

முத்துநாயகம் அண்ணாச்சி நாடகப் பைத்தியம். நம் கம்பெனி நாடகம் ஒன்று விடாமல் பார்த்தவர். என்னைக் கூப்பிட்டு, "வே சகாயம், அந்த ராஜபார்ட்டையே கரை சேத்த ஆளு நீரு. என் வீட்டுக்காரிய ஒரு பாட்டுக்குக் கரை சேக்க மாட்டீரா?" என்று கேட்டார். கதாநாயகன் வேஷம் கட்டும் அந்த ராஜபார்ட்டின் தொண்டை உனக்குத் தெரியும். சுருட்டுப் பிடித்துப் பிடித்து, ஒரு கட்டையில் தொடங்கி வேறொரு கட்டையில் போய் நிற்பார். அவர் எங்கே போனாலும் என் கை கூடவே போய்விடும். அவர் ஏறினால் பாட்டையே ஏற்றிவிடுவேன், இறங்கினால் இறக்கிவிடுவேன். சனங்களுக்கு ஒன்றும் தெரியாது. கைதட்டுவார்கள். சகாயம் ஹார்மோனியப் பெட்டியில் உட்கார்ந்தால் எந்தத் தொண்டையும் தொண்டைதான் என்று மானேஜர் சொல்வார்.

அந்தக் கை இப்போது பாடத்துக்கு உதவுகிறது. பகவதியம்மாள் ஒரு தடவைகூடத் தட்டுத் தடுமாறியதில்லை. பாடம் முடிந்ததும் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அண்ணாச்சி பக்கத்திலேயே சாய்ந்தபடி கேட்டு, பாதியில் உறங்கிவிடுவார்.

கம்பெனி மானேஜரும் கடிதம் போட்டிருக்கிறார். தை கழிந்து மதுரையிலிருந்து மறுபடி கிளம்புகிறார்களாம். பழைய இடம் எனக்காகக் காத்திருக்கிறது என்கிறார். போகச் சொன்னால் போகிறேன், இருக்கச் சொன்னால் இருக்கிறேன். உன் வேலை விஷயத்திலும் உன் விருப்பம் எதுவோ அதுதான் என் விருப்பம்.

கிரேசிக்கு ஆயிரம் முத்தம். கம்பளிச் சட்டை போடாமல் அவளை வெளியே விடாதே. சங்கீதத்துக்கே காவலான புனிதையின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு வரி பாடத் தெரியாத என் செசிலிக்கு மாதா துணையிருக்க வேண்டுகிற,

உன் அன்புக் கணவன்
சகாயம்

•

சேசு மரி சூசை

கோட்டாறு,
29-1-1953

அன்புள்ள செசிலிக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. 'உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், என் கடிதத்தையே உங்கள் கையெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்' என்று கோபமாக எழுதியிருந்தாய். என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. உன் விருப்பம்தான் என் விருப்பம் என்று சொன்னதற்கா ஒரு பெண்ணுக்குக் கோபம் வரும் என்று வாரக்கணக்கில் மனத்தாங்கலோடு இருந்தேன். அதனால்தான் பதில் போடவில்லை. இன்றைக்கும் அதற்குப் பதில் எழுத மனசு சரியில்லை.

நேற்று சுசீந்திரத்தில் கல்யாணம். அண்ணாச்சி வற்புறுத்தியதால் போயிருந்தேன். நலங்குக்கு நான் பெட்டியோடு உள்ளே உட்காருவதாகத்தான் நினைத்திருந்தேன். "பொம்பளைக காரியம் வே, நீரு பந்தல்ல இரியும்" என்று சொல்லிவிட்டார். சரி, பாட்டுத்தான் நன்றாகப் படிந்துவிட்டதே என்று நானும் வாசல் வழியே உள்ளே தெரிகிற இடமாகப் பார்த்துப் பந்தியில் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார், ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கிற சுருதிப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி அதை வைத்துப் பாடினாள். அடுத்தது பகவதியம்மாள். முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியில் குரல் கொஞ்சம் ஏறியது. பெட்டி நின்ற இடத்தில் நின்றது. அவர் இன்னும் ஏறினார். பந்தலில் என் விரல்கள் இலையோரத்தில் தானாக நகர்ந்து, ஏறின குரலுக்குப் பின்னால் ஓடின. நான் உப்புக் கேட்கிறேன் என்று நினைத்து, பரிமாறுகிறவன் இன்னொரு தடவை உப்பு வைத்துவிட்டுப் போனான்.

எங்கேயோ தப்பு என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே என்று தெரியவில்லை. பாடிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தார். என்னைத்தான் தேடினார், செசிலி. பாட்டு பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, "பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல, இந்தப் பெட்டிக்குத்தான் பாடத் தெரியல்ல" என்றாள். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பந்தல் வரைக்கும் வந்தது. நான் இலையை மடக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தே வந்துவிட்டேன்.

பாட்டுச் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஒத்துவருமா என்று கேட்டாய். ஒத்துவராது. மானேஜருக்கு வருகிறேன் என்று எழுதிவிடலாமென்று இருக்கிறேன். அப்படியானால் அங்கே தலைமை ஆசிரியையாக ஒத்துக்கொள்வதுதான் நல்லது என்று நீ நினைப்பாய். மற்றவை பிறகு.

உன்
சகாயம்

•

சேசு மரி சூசை

கோட்டாறு,
16-2-1953

என் அன்புச் செசிலிக்கு,

சர்வேசுரன் உங்கள் இருவரையும் காப்பாராக. போன கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் நல்லது. கிழிக்காவிட்டால் வைத்திரு, பின்னால் சண்டை போட உதவும்.

மானேஜருக்கு எழுதக் காகிதம்கூட எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் அந்த அம்மாளைப் பார்க்காமல் ஊரைவிட்டுப் போவது சரியில்லை என்று மனசு குத்தியது. வழக்கமாகப் பாடம் நடக்கிற நாளில் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வடசேரிக்குப் போனேன். பெட்டியை ஏன் தூக்கிக்கொண்டு போனேன் என்று கேட்காதே. அது இல்லாமல் ஒரு வீட்டுப் படியேற எனக்குக் கூச்சம்.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், அவள் இனிப் பாடமாட்டாள் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உள்வாசலில் நின்றபடி அந்த அம்மாளே பேசினார். "தப்புன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன், வாத்தியாரே? இத்தனை மாசமும் நான் நல்லாப் பாடுகேன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கம்பெனியில் பாடுகிறவர் பின்னால் ஓடிப் பழகின கை இது, உங்கள் பின்னாலும் ஓடிவிட்டது, நீங்கள் சுருதி விட்ட ஒவ்வொரு இடத்திலும் சுருதியையே நான் நகர்த்திக் கொடுத்துவிட்டேன், உங்களுக்குத் தப்பே கேட்காமல் போனது என்னால்தான் என்று சொன்னேன். அவர் வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு, "அப்போ அந்தக் கையைக் கெட்டிப் போட்டுட்டுச் சொல்லித் தாரும்" என்றார்.

சொன்னதைச் செய்தேன். சட்டைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை மடித்து, ஒரு கட்டை அழுந்தியே இருக்கும்படி சொருகினேன். இடது கை, காற்றடிக்கும் துருத்தியில். வலது கையின் மேல் நானே உட்கார்ந்துகொண்டேன். நீ சிரிப்பாய். அண்ணாச்சியும் சிரித்தார்.

அவர் பாடினார். அதே இடத்தில் ஏறினார். தொடைக்கு அடியில் என் கை துடித்த துடிப்பு உனக்குச் சொன்னால் புரியாது. பிள்ளை படியில் உருளும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. "இல்லை அம்மா" என்றேன். அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து வர அவ்வளவு நேரம் பிடித்தது. அவர் முகம் வாடியது. மறுபடி பாடினார். மறுபடி இல்லை என்றேன். இதற்குள் உறங்கிப்போயிருந்த அண்ணாச்சி எழுந்து, "என்னவே, இன்னைக்கு ஒரே சண்டையா கெடக்கு" என்று கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடினார்.

அப்புறம் அந்த அம்மாள் பாடுவதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடி, அந்த ஒற்றைக் கட்டையின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லக் குரலைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார். செசிலி, குரலும் கட்டையும் ஒன்றாகிவிட்டால் கட்டையின் சத்தம் தனியாகக் கேட்காது. பெட்டி நின்றுபோய்விட்டதோ என்று நான் துருத்தியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பெட்டி வாசித்த எனக்கு இது தெரியாது. எப்படித் தெரியும், என் கைதான் சும்மா இருந்ததே இல்லையே. சரியாக வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தும்முவது போலப் பாவனை செய்தேன்.

வீட்டுக்கு வந்து, அதே காகிதத்தில் மானேஜருக்கு வரவில்லை என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் நான் போட்ட முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். கம்பவுண்டரிடமும் கையைக் கட்டிக்கொண்டு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவரைக் காணவில்லை. நோயாளிக்குக் கசப்பு மருந்து கொடுக்கிறவருக்கு, தனக்கென்றால் இனிப்புத்தான் வேண்டியிருக்கிறது. போகட்டும். பகவதியம்மாள் தன் தங்கையையும் கூட்டிவரப் போகிறாராம். ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இது: பாட்டுச் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஒத்துவரும். லேசில் வராது. ஒவ்வொரு 'இல்லை'க்கும் நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்கிறது. ஆனாலும் இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

இனி மற்றக் கேள்வி. உன் கோபம் எனக்கு இப்போதுதான் விளங்கியது. உன் கடிதத்தையே என் கையெழுத்தில் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றாயே, சத்தியமான பேச்சு. பீர்மேட்டுக்கு உத்தரவு வந்து நீ புறப்பட்ட அன்று, பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "போகட்டுமா?" என்று கேட்டாய். உன் குரலில் போக ஆசை இருப்பதுபோல எனக்குப் பட்டது. உடனே, சந்தோஷமாகப் போயிட்டு வா என்று சொல்லிவிட்டேன். நான் அப்படிச் சொன்னதும் நீ திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாய். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று நினைத்துத்தான் கேட்டாயா? இத்தனை நாளும் யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. உன் குரல் போன பக்கம் என் கை ஓடிவிட்டது. நீ உன் சுருதியில் கேட்டாயா, என்னுடையதற்காகக் காத்திருந்தாயா என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அதனால் இப்போது கையின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். இடது கையால் எழுதுகிறேன் என்று நினைக்காதே, பேச்சுக்குச் சொன்னேன். எனக்கு நீ வேண்டும், செசிலி. கிரேசி வேண்டும். அவளுக்கு அடுத்த பல் விழும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். காலையில் தேயிலை நீ போட வேண்டும். அந்த வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடு. ஐந்து வருஷம் என்று படித்த அன்று எதிர்வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று. நான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன் என்பதற்காக உன் குரலை நகர்த்திக்கொண்டு வராதே. அந்தப் பள்ளிக்கூடத்தைத் தலைமையில் நின்று நடத்த உனக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், 'இல்லை' என்று எழுது. நீ இங்கே வந்துவிட்டால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் உன்னை வழிமேல் விழிவைத்துப் பார்த்திருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். இல்லை என்று கேட்டால் சாகமாட்டேன் என்று இப்போது தெரிந்துகொண்டேன். கஷ்டப்படுவேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே மலையேறி வருவேனோ என்னவோ, அந்த ஈரத்தில் பெட்டிக்குள் ஒலிக்கிற ரீடெல்லாம் கெட்டுப்போகும், போனால் மாற்றிக்கொள்ளலாம். என்ன ஆனாலும் நான் முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லமாட்டேன். வேண்டும் என்றது வேண்டும்தான்.

உப்பேரி பழசாகிவிட்டது. கோட்டயத்துக்கு ஆள் யாரும் கிடைக்கவில்லை. நானே தின்றுவிட்டேன். கருவாடு இருக்கிறது. அடுக்களை இப்போது ஒழுகுவதில்லை. கிரேசியிடம் அப்பா முத்தம் கொடுத்ததாகச் சொல்லு. பல் விழுந்த இடத்தில் தனியாக ஒன்று.

தேவமாதா உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கட்டும். பதில் எழுதும்போது என் முகத்தை நினைத்துக்கொள்ளாதே. இங்கே ஒரே கட்டையை அழுத்தி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உன் குரல் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

உன்னுடைய
சகாயம்